பத்து நாளைக்கு என்று மாட்டிய டயர்கள்

மச்சான் டயர் எடுக்க வந்தால் முதலில் அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தைத்தான் தேடுவார். கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரை மெல்ல உருட்டி, தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அந்த எண்ணை வாய்விட்டுப் படிப்பார். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். டயர் பிறந்த தேதி அது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட டயர் என்றால் அப்படியே சாய்த்து வைத்துவிட்டு எழுந்துகொள்வார். "இது வேணாம் மாப்ள. குடோன்லயே பாதி வெயில குடிச்சிருக்கும்" என்பார். ஒவ்வொரு மே மாதமும் நடுவில் ஒரு நாள், வெயில் முழு வேகத்துக்கு வருவதற்குள், துபாய் அல் குசைஸில் நான் வேலை பார்த்த டயர் கடைக்கு அவர் வண்டியோடு வந்துவிடுவார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். புதுக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்து, முப்பது வயதுவரை கடலையே பார்க்காதவர், இங்கே வந்து படகு இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஷார்ஜாவில் படகு பழுது பார்க்கும் யார்டு ஒன்று. வேலை முடிந்த படகை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு, மலை தாண்டி அந்தப் பக்கக் கடற்கரையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அல்லது அங்கிருந்து பழுதானதை இழுத்து வர வேண்டும். பதினொரு வருடம் அதையே செய்தார். நான் வந்து சேர்ந்தது அவர் எடுத்துக் கொடுத்த விசாவில். கடை முதலாளி கீழக்கரைக்காரர். எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் ஊரில் அண்ணனை அப்படி அழைப்பார்கள். அந்தக் காக்காவிடம் என்னைச் சேர்த்துவிட்டதும் மச்சான்தான்.

கம்பெனிக்காரர்கள் கொடுத்த விலைப்பட்டியல் புத்தகத்தில் கோடைக்கால டயர், பனிக்கால டயர் என்று தனித்தனிப் பக்கம் இருக்கும். பனிப் பக்கத்தை நாங்கள் திறந்ததே இல்லை. எங்களுக்கு எல்லா டயரும் கோடை டயர்தான். ஆனால் இழுக்கிற வண்டிக்கு அது மட்டும் போதாது. டிரெய்லரின் மூக்கு வந்து உட்காருவது வண்டியின் பின் அச்சில். அதனால் பின் டயர் இரண்டும் தன் வண்டியோடு அடுத்தவன் பாரத்தையும் சுமக்க வேண்டும். உள்ளே துணி அடுக்கு கூடுதலாக உள்ள டயர் வேண்டும். அந்த அடுக்கைப் பிளை என்போம். மச்சானின் வண்டிக்கு எட்டு பிளை. பாரம் தாங்காத டயர் ஓடும்போது ஓரச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கத்தில் உள்ளுக்குள் சூடேறும். தார் ரோட்டின் சூடு வெளியிலிருந்து, இந்தச் சூடு உள்ளிலிருந்து. இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டு, வாடிக்கையாளர்களிடம் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த வருடம் மே மாதம் மச்சான் வந்தபோது பழைய டயர் நான்கிலும் ஓரத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. இன்னும் ஒரு வாரம்கூட ஓட்டக் கூடாது என்று பார்த்தவுடனே சொன்னேன். கடையில் அவர் அளவில் எட்டு பிளை ஒரு செட் இருந்தது. ஆனால் இரண்டரை வருடப் பழசு. பின்பக்கத் தகரக் கொட்டகையில் கிடந்தது. புதுத் தேதியில் இருந்ததெல்லாம் ஆறு பிளை. புதிய எட்டு பிளை கண்டெய்னரில் வந்துகொண்டிருந்தது, பத்து நாளாகும் என்றார்கள். மச்சான் இரண்டு செட்டையும் உருட்டிப் பார்த்தார். பழசின் ஓரத்தை நகத்தால் அழுத்தினார். புதுசைத் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே" என்றார். பிறகு அங்கேயே குந்தியபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீ சொல்லு மாப்ள. நீதான டயர்க்காரன்."

அவர் அப்படிக் கேட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் இப்போது பயனில்லை. "புதுசையே போட்டுக்கங்க மச்சான். பத்து நாளைக்குத்தான. சின்னப் படகா இழுங்க. சரக்கு வந்தோன்ன மாத்தித் தாறேன்" என்றேன். பழைய எட்டு பிளையே அந்தப் பத்து நாளைத் தாங்கியிருக்குமா, அதுவும் வெடித்திருக்குமா என்று பிறகு எத்தனையோ டயர்க்காரர்களிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன். பாதிப்பேர் ஒன்று சொன்னார்கள், பாதிப்பேர் மற்றது.

ஒன்பதாம் நாளே சரக்கு வந்துவிட்டது. நான்கு டயரைத் தனியாக எடுத்து வைத்து, வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கடைப் பையன்களிடம் சொன்னேன். அன்று புதன்கிழமை. மச்சானுக்குப் போன் செய்தேன். யார்டில் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார். "நாளைக்கு திப்பா போறேன் மாப்ள. இருபத்தெட்டு அடிப் படகு. போயிட்டு வெள்ளிக்கெழம வந்து மாட்டிக்கிறேன்" என்றார். திப்பா மலைக்கு அந்தப் பக்கக் கடலோர ஊர். இருபத்தெட்டு அடி என்ற சொல் காதில் விழுந்தது. என்ன எடை இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டதும் நினைவிருக்கிறது. கடையில் அப்போது மூன்று வண்டி ஜாக்கியில் நின்றன. காக்கா பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரி மச்சான்" என்றேன்.

மறுநாள் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குக் காக்கா பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், யார்டு ஃபோர்மேன் போன் செய்தார். அவர் கேரளக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து, முதலில் என் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். தைத் என்ற ஊரைத் தாண்டி நேர் ரோட்டில் பின்பக்க இடது டயர் வெடித்திருக்கிறது. பின்னால் இருந்த படகு வண்டியைத் தள்ளிப் புரட்டியிருக்கிறது. மணலில் உருண்டு கிடந்த வண்டியிலிருந்து எடுத்தபோதே உயிர் இல்லை. நான் "அச்சா, அச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கு இந்தியில் சொன்னேன் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, பாதி மாட்டியிருந்த ஒரு சக்கரத்தின் நட்டுகளை முழுக்க முறுக்கி முடித்தேன். ஐந்து நட்டு. வண்டிக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் கையைக் கழுவினேன்.

காக்கா தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க அவர் ஓதிக்கொண்டே வந்தார். நான் முன்னால் போகும் வண்டிகளின் டயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இது பழசு, இதில் காற்று குறைவு, இது தேய்ந்துவிட்டது என்று மனம் தானாக வேலை பார்த்தது. ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஆம் என்றேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரும் என்று காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் பிக்கப் நின்றது. கூரை நசுங்கியிருந்தது. மற்ற மூன்று டயரும் அப்படியே இருந்தன, புத்தம் புதுசாக. வெடித்ததன் ஓரச் சுவர் ஒரு சுற்று முழுக்கக் கிழிந்து, உள்துணி நார் நாராகத் தொங்கியது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பாரம் தாங்காமல் சூடேறிப் போனது என்று. இளவயது அதிகாரி ஒருவர் வந்து இந்தியில் கேட்டார், "டயர் நயா தா யா புரானா?" நயா, புதுசுதான் என்றேன். மாட்டி எத்தனை நாள் என்றார். பத்து நாள் என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. எத்தனை பிளை என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. வெயிலில் டயர் வெடித்து விபத்து என்று எழுதி முடித்தார். திரும்பி வரும்போது காக்கா சொன்னார், "ஒண்ணுமே மனசுல வச்சிக்காதப்பா. புதுசோ பழசோ, வெடிக்கணும்னா வெடிச்சிரும் இந்த ஊரு வெயில்ல." அவருக்கு எல்லாம் தெரியும். எந்த டயர் எந்த வண்டிக்குப் போனது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இறக்கும்வரை அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியதில்லை.

காகித வேலைகள் முடிய ஆறு நாள் ஆனது. உடலோடு நான்தான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். காக்கா பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "போயிட்டு வா. எத்தன நாள் வேணும்னாலும் இருந்துட்டு வா" என்றார். கடையில் ஆள் பற்றாது, புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது என்று நான் ஏதேதோ சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கடைசியில் மச்சானின் ரூமில் இருந்த ஓர் ஆள் போனார். நான் விமான நிலையம்வரை போய்விட்டு, மதிய டூட்டிக்குக் கடைக்கு வந்துவிட்டேன். எடுத்து வைத்திருந்த நான்கு டயரும் அங்கேயே இருந்தன. மறுவாரம் ஒரு ஜெனரேட்டர் இழுக்கும் வண்டிக்கு அவற்றை நானே மாட்டிக் கொடுத்தேன்.

அக்காவோடு போனில் பேசினேன். இருவரும் அதிகம் பேசவில்லை. அவள் மகள் பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்பேன். போகிறாள் என்பாள். இரண்டு வருடம் கழித்து லீவில் போனபோது மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். நான் சாப்பிடும்வரை கதவோரம் நின்றாள். மச்சானைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளுக்கு ஏதோ தெரியும், என்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு லீவில் போனாலும் அவள் வீட்டில் ஒரு வேளைக்கு மேல் தங்குவதில்லை. சில வருடம் லீவையே எடுக்கவில்லை. மற்றபடி வாழ்க்கை நடந்தது. கல்யாணம் ஆனது. கடையில் சேல்ஸ் முழுதும் என் பொறுப்புக்கு வந்தது. இழுக்கிற வண்டி எது வந்தாலும் எட்டு பிளைக்குக் குறைந்து நான் கொடுப்பதில்லை. அதைக் கண்டிப்பு என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள்.

காக்கா இறந்து கடை கைமாறியபோது நான் ஊரோடு வந்துவிட்டேன். சென்ற வருடம் பாப்பாவின் கல்யாணம் முடிந்த நாலாம் நாள், பந்தல்காரர்கள் எல்லாம் பிரித்துக்கொண்டு போன பிறகு, வீட்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எந்த ஏற்பாடும் இல்லாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆறு பிளை, எட்டு பிளை, கண்டெய்னர், இருபத்தெட்டு அடிப் படகு, நான் சொன்ன "சரி" எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான். அந்தப் புதங்கெழம எனக்குப் போன் பண்ணாருல்ல. ஒன் தம்பி லேசு டயரா மாட்டி விட்ருக்கான், வெள்ளிக்கெழம மாத்தணும், நாளைக்கிப் போற நடைய வேற யார்ட்டயாச்சும் தள்ளி விடலாமான்னு பாக்குறேன்னாரு." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அந்த நடைய முடிச்சுக் குடுத்தா பாப்பா காதுகுத்துக்கு லீவு தாறேன்னு ஃபோர்மேன் சொல்லிருந்தான். நான்தான் சொன்னேன், ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது, போயிட்டு வந்துருங்கன்னு. நான்தான்டா போகச் சொன்னேன்."

எனக்கு ஆறுதலாகவும் இல்லை, அதிர்ச்சியாகவும் இல்லை. இத்தனை வருடம் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றது என்மேல் கோபத்தில் அல்ல என்பது மட்டும் மெல்லப் புரிந்தது. நான் அவளைப் பார்க்கப் பயந்த மாதிரியே அவள் என்னைப் பார்க்கப் பயந்திருக்கிறாள். இருவருமே அழவில்லை. தெருவில் பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு போனான்.

பிறகு அக்கா கேட்டாள், "அங்க அவரப் பாத்தது நீதான?"

"ஆமாக்கா."

"இங்க பெட்டியத் தெறக்கக் கூடாதுன்டாங்க. அப்படியே கொண்டு போயிட்டாங்க. எப்டி இருந்தாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். "சொல்லு. எதையும் விட்டுராம சொல்லு."

அறைக் கதவைத் திறந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். என்ன சட்டை, வலது கை எப்படி இருந்தது, நெற்றியில் எந்தப் பக்கம் காயம், கண் மூடியிருந்ததா, தலைமுடியில் மணல் இருந்ததா என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். இடையில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து எனக்கும் கொடுத்து அவளும் குடித்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட இருவரும் எழவில்லை. நான் சொல்லி முடித்தபோது, "முதல்ல இருந்து இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.