முந்தானையில் பாதித் தேக்கிலை

என் அலுமாரியின் மேல்தட்டில் அம்மாவின் பருத்திச் சேலை ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். முழுச் சேலையும் பளிச்சென்ற வெள்ளை. முந்தானையின் ஒரு மூலையில் மட்டும் பாதித் தேக்கிலை, நரம்பு நரம்பாகக் கறுப்பில் பதிந்திருக்கிறது. மீதியை அழித்தவள் நான்.

என் தங்கை துணியில் இலை பதித்து வந்தாள். மாத்தளையில் அவளை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள், நான் மட்டும் கறைக்காரி என்பேன். கல்யாணம் வேண்டாம் என்று அலுவிகாரையில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். யாரோ உடுத்திக் கழித்த சேலைகளைக் கேட்டு வாங்கி வருவாள். அவற்றைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி கிடந்த தண்ணீரில் தோய்த்த இலைகளை மேலே பரப்பி, இறுகச் சுருட்டிக் கட்டி ஆவியில் வேகவைப்பாள். பிரித்தால் இலை கறுப்பாகத் துணியில் பதிந்திருக்கும். கடைச் சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. இலையைப் பறிக்கவும் மாட்டாள், தானாக விழுந்ததைத்தான் எடுப்பாள். யாருக்குத் துணி கொடுத்தாலும், "மூணு கிழமைக்குத் தண்ணி காட்டாதீங்க, நெறம் இன்னும் புடிக்கணும்" என்பாள். அந்த மூன்று வாரக் கணக்கை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், அரைக் காதோடு.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி தங்கை பதித்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடப் பிறந்தவளின் கைவேலை ஊரார் உடம்பில் இருக்கிறது, என்னிடம் ஒன்றுமில்லை. மறுநாளே அம்மாவின் சேலையோடு போய் நின்றேன். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தாடி" என்றேன். வாழ்நாளில் அவளிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"ஒங்க வீட்டுத் தேக்கு எலதான் போடுவேன்க்கா. அப்பா நட்ட மரம். வெயில் காலத்துல விழட்டும்."

"அதுக்கு மாசக்கணக்கா இருக்கணுமா? பறிச்சா மரம் அழுவுமா?"

"மரத்துக்கு வேணாங்கிறததான் நான் எடுக்கிறது" என்றாள்.

மரம் உதிர்ப்பதற்குள் அவளுக்கு நோய் வந்துவிட்டது. இரத்தத்தில் கோளாறு என்றார்கள். பாதி உடம்பாகிப் போனாள். இலை விழத் தொடங்கிய ஒரு காலையில் பஸ்ஸேறி வந்து என் முற்றத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க இலை பொறுக்கினாள். "இந்த ஒடம்போட என்னடி அவசரம்?" என்று திட்டினேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னதற்குக்கூட நிற்காமல் கூடையோடு போய்விட்டாள்.

அடுத்த வாரமே இறந்தாள்.

எங்களில் சாவு வீட்டுத் துணி எல்லாவற்றையும் துவைத்துவிட வேண்டும். துக்கத்தை வேலையில் போட்டு அமுக்குகிறவள் நான். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தங்கையின் கட்டிலடியில் ஒரு கூடையில் போர்வைகளோடு ஒரு வெள்ளைத் துணியும் சுருண்டு கிடந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. கறுப்புத் திட்டுகள் தெரிந்தன, இரும்புக் கட்டிலின் துரு என்று நினைத்தேன். துருக் கறைக்கு எலுமிச்சம்பழம் என்பது எனக்குக் கைவந்த வைத்தியம். சுருட்டியபடியே கல்லில் போட்டுத் தேய்த்தேன். பழம் தீர்ந்ததும் ஒரு மூலையை அப்படியே விட்டு அலசி, விரிக்காமலே கொடியில் போட்டேன். இவ்வளவு நன்றாக வெளுத்ததே என்று ஒரு நிமிஷம் திருப்திகூடப் பட்டேன்.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தங்கைக்குத் துணி காயப்போட ஒத்தாசை செய்தவள்.

"கூடையில இருந்த சேல ஒங்க கைக்கு வந்திருச்சாக்கா? எந்திரிக்க முடியாமத்தான் சுருட்டிக் கட்டுனாங்க. நான் அடுப்புல வச்சேன். அக்காவுக்குன்னு மட்டும் சொன்னாங்க."

வந்துவிட்டது என்றேன். கொடிக்குப் போய் அந்தச் சேலையை அப்போதுதான் முதல்முறையாக விரித்தேன். அது அம்மாவின் சேலை. தங்கை வேலை செய்த இத்தனை வருஷத்தில் ஒரு துணியையாவது நான் முழுதாக விரித்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதைத் துரு என்று நினைத்திருக்க மாட்டேன்.

இந்த வருஷமும் தேக்கு இலை உதிர்த்துவிட்டது. பெருக்கிக் குவித்தேன், வழக்கம்போல் கொளுத்த மனம் வரவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து சேலையைத் தொட்டுப் பார்த்தேன். வைத்த வாடை அடிக்கிறது, ஒருமுறை அலசிப் போடுங்களேன் என்கிறாள் மருமகள். மூணு கிழமை போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கை போய் ஒரு வருஷமாகிறது.