ஆம்பளைக் கூலி

செவிலிமேட்டில் நான் வீடு கட்டிய வருஷம், கட்டட வேலைக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஊர்ப் பையன்கள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய்விடுவார்கள். வடக்கிலிருந்து வந்த பையன்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால், எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கூலி மட்டும் லீவே எடுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியொரு எரிச்சல்.

தளத்துக்கு கான்கிரீட் போட்ட அன்று ஓர் ஆண் ஆள் வரவில்லை. "சித்தாளுங்கள வெச்சி சமாளிச்சிக்கலாம் சார்" என்றார் மேஸ்திரி. கலவைச் சட்டி கைமாற்ற நின்ற ஓர் அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் சட்டியையும் நாங்க தூக்கணும், கூலி மட்டும் கம்மியா? எம் பொண்ணுக்கு காலேஜுல கம்மி ஃபீஸா வாங்குறாங்க? ஆம்பள கூலி குடு மேஸ்திரி."

"ஆம்பள பலம் வேறம்மா."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஆளுக்கு பதிலா நானே நிக்கிறேன்" என்றேன். ஒரு கூலி மிச்சமாகுமே என்ற அற்ப ஆசை.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கட்டும். எனக்கு முன்னாடி சார் ஒக்காந்துட்டாருன்னா, அந்த ஆம்பள கூலி எனக்கு." மேஸ்திரி யோசிக்காமல் தலையாட்டினார்.

நான் பட்டுக் கடையில் பாயில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவன். உட்காருவதுதான் என் தொழில். இது ஏனோ எனக்கே அப்போது தோன்றவில்லை. சட்டி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. காலை டீ வருவதற்குள் ஜல்லிக் குவியலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கூலி கொடுக்கும்போது மேஸ்திரி பல்டி அடித்தார். "சாரையெல்லாம் ஆம்பள கணக்குல சேக்க முடியாதும்மா."

மற்ற சித்தாள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் நின்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், நான் ஆம்பளதான்யா! ஆம்பளையாத்தான் ஒக்காந்தேன்! குடுய்யா அவங்களுக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வேலையாட்களுக்குப் பிரியாணி அண்டாவோடு வந்த என் மனைவி, "ஆம்பளதாம்பா, குடுத்துடு" என்று சாட்சி சொன்னாள்.

மேஸ்திரி முனகிக்கொண்டே கொடுத்தார். அந்த அம்மா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு முசரவாக்கத்துல ஒரு தளம் இருக்குது சார். நீங்க வந்து சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா போதும்."