சதுப்புப் பாதைக்கு ஒரு திறப்பு விழா

சீனர் சுவர் கட்டினார்கள், உரோமர் வீதி போட்டார்கள். எல்லாம் சில்லறை வேலை. மனித குலம் செய்து முடித்தவற்றில் ஆகப்பெரியது ஒஸ்லோவில், வெஸ்ட்லிக் குடியிருப்புக்குப் பின்னால், காட்டுச் சதுப்பைப் பிளந்துகொண்டு போகும் ஒரு பாதை. அதன் சக்கரவர்த்தினி ராசமலர்.

சக்கரவர்த்தினிக்கு விமான நிலையச் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. அவருடைய இராசபாட்டையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பாசிக்குள் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் விவசாயிகள் இந்தச் சதுப்பில் தூர்வ் வெட்டினார்கள். தூர்வ் என்றால் பாசி மக்கி மக்கி உண்டான கறுப்பு மண். மாட்டுத் தொழுவத்தில் பரப்புவார்கள். அதை ஏற்றிவரத்தான், கெட்டித் தரை தட்டும்வரை வெட்டி, பள்ளங்களில் மரம் அடுக்கி, இந்த வழியைச் செய்தார்கள். இப்போது அதன்மேல் பலகை போட்டு, மரங்களில் நீல அடையாளம் பூசி, ஒரு நடைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது.

ராசமலர் அங்கே போகத் தொடங்கியது சீனி வியாதிக்காக. டொக்டர் நடக்கச் சொன்னார், நடந்தார். அழகு கிழகு ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. ஒருநாள், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நோர்வேச் சோடி அவரிடம் வழி கேட்டது. சொன்னார். இத்தனை வருடமாக இந்த ஊரில் எல்லோரும் அவரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்படிப் போவது என்று கேட்டவர்கள் இவர்கள்தான். அன்றிலிருந்து மழையானாலும் போனார்.

இந்த வசந்தத்தில் சங்கத்துக் குனார் அவரை மறித்துச் சொன்னார்: பலகைகள் உக்கிவிட்டன, நடப்பவர்களும் குறைவு. சனிக்கிழமை டுக்நாட், அதாவது எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. போதிய ஆட்கள் வராவிட்டால் நீல அடையாளத்தை அழித்து, பாதையைச் சதுப்பிடமே விட்டுவிடுவார்கள்.

"எங்கட ஆக்களைக் கூட்டிவாறன்" என்று ராசமலர் வாயை விட்டுவிட்டார்.

எங்கட ஆட்களைக் கேட்டால், இரத்தினவேலருக்கு முழங்கால் நோவு. விமலாதேவிக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். "சேத்துக்கை நிண்டு பலகை தூக்கவோ? அதுக்கெல்லே கொம்மூன் இருக்கு" என்றார் இன்னொருவர், கொம்மூன் என்கிற நகரசபையை நம்பி.

கடைசி முயற்சியாக ஊர்த் தமிழரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடலாம் என்று, தங்கையின் மகளான பெறாமகள் நிருஜாவிடம் கைபேசியைக் கொடுத்தார். நிருஜா தமிழ்ப் பள்ளியை ஆறாம் வகுப்போடு கைகழுவியவள். ஆனாலும் தட்டச்சில் வேகம். அடித்தாள், அனுப்பினாள், திருப்பிக் கொடுத்தாள். ராசமலர் கண்ணாடி போடவில்லை, வாசிக்கவுமில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குனாரும் வேறு இரண்டு பேரும் நின்றார்கள். தமிழர் ஒருவருமில்லை. குனார் ராசமலரின் முகத்தைப் பார்க்காமல் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன். ராசமலர் சுத்தியலைக் கையில் எடுத்தார், வைத்தார், பிறகும் எடுத்தார்.

பதினொன்றரைக்குக் காட்டுக்குள் சத்தம். பட்டுச் சேலைகள், சரிகை வேட்டிகள், வடைச் சட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே, கால்களில் ரப்பர் சப்பாத்து.

"தங்கச்சி, நாடா எங்கை?" என்றார் இரத்தினவேலர்.

"என்ன நாடா, அண்ணை?"

"வெட்டுறதுக்கு! பாதை திறப்பு விழா எண்டுதானே குழுவிலை போட்டிருந்தது."

"கூறைச்சேலை கட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் விமலாதேவி. "பாதை எங்கையடி, ராசம்?"

ராசமலருக்கு ஒரு கணத்தில் நிருஜாவின் வேலை விளங்கிவிட்டது. "நீங்கள் போட்டாத்தான் பாதை, அக்கா. போடாமல் எதைத் திறக்கிறது?"

வந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். விழாவுக்கென்று வந்துவிட்டுச் சும்மா திரும்பினால் வடை வீண். விமலாதேவி சேலையை இடுப்பில் சொருகினார். முழங்கால் நோக்காட்டு இரத்தினவேலர் பலகையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றினார்.

டுக்நாட்டுக்குப் பட்டு உடுத்துவது தமிழர் வழக்கமா என்று குனார் மெதுவாகக் கேட்டார். "எப்போதும்" என்றார் ராசமலர், நோர்வேஜிய மொழியில், கண்ணும் வெட்டாமல்.

பின்னேரம், புதிதாகப் பூசிய நீல அடையாளத்தின் கீழே, மரங்களில் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா ஒன்றை வெட்டவும் வெட்டினார்கள். வடை முடிந்தது. பாதை இருக்கிறது.

இந்தக் கதை முழுவதையும் எழுதி ராசமலருக்கு வாசித்துக் காட்டியவளும் நிருஜாதான். சும்மா பகிடிக்குத்தான் அந்தச் செய்தியைப் போட்டது, சனம் பட்டோடு சேற்றில் விழுவதைப் பார்க்கத்தான் என்று அடித்துச் சொன்னாள்.

ராசமலர் கண்ணாடியைப் போட்டு, கைபேசியில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்தார்.

"சரியடி, பகிடிதான். அப்ப கடைசி வரியிலை 'எல்லாரும் கட்டாயம் ரப்பர் சப்பாத்து போடவும்' எண்டு ஏன் எழுதினனீ?"