சட்டசபை வாசலில் பொலிஸ்

சுவிஸ், 1986. வில் நகரில் ஏறிய ரயிலை விட்டிறங்கி, நானும் சிவமண்ணையும் மாநிலச் சட்டசபை வாசலைக் கடக்கிறோம். அங்கே சீருடையோடு ஏழெட்டுப் பொலிஸ்காரர் நிற்கிறார்கள். கண்டதும் என் கை தானாக அடையாள அட்டையை நீட்டுகிறது. யாழ்ப்பாணத்துப் பழக்கம்.

நரைமீசைக்காரர் ஒருவர் அதை வாசிக்காமலே என் கையை மெல்ல மூடிவிட்டு, ஒரு துண்டுப்பிரசுரம் தந்து ஏதோ சொல்கிறார்.

"என்னவாம்?" டொச் மொழி, அதுதான் ஜெர்மன், தெரிந்த சிவமண்ணையைக் கேட்கிறேன்.

"அவையின்ர சங்கம் லீவு நாளைக் கூட்டித்தரச் சொல்லி உறுப்பினர்மாரைக் கேக்குதாம். இண்டைக்குக் கேட்டு நிக்கிறது தாங்களாம். உன்ர அட்டையை உள்ள வைக்கட்டாம்."

நரைமீசைக்காரர் நீட்டும் தாளை வாங்காமலே ஓர் உறுப்பினர் உள்ளே போகிறார். அடுத்தவர் படியேறி வருகிறார். அவராவது வாங்கவேண்டும் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பொலிசுக்காக நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.