செவ்வாயில் ஒட்டுப்போட்ட கல்

வில்லியனூரில் கமருதீன் பாயின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உஷாராணியை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அவள் கைபடாத கல்யாண ஆல்பம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மாப்பிள்ளை முகத்தில் பருவா, துடைத்துவிடுவாள். பெண் மாநிறமா, கொஞ்சம் வெளுத்துவிடுவாள். மண்டபத்துச் சுவரில் காரை பெயர்ந்திருந்தால் பக்கத்துச் சுவரை எடுத்து ஒட்டிவிடுவாள். இத்தனையும் இவள் செய்ய, ஆல்பத்தில் வருவதென்னவோ பாயின் கடைப் பெயர்தான். அதில் அவளுக்கு வயிற்றெரிச்சல் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்து போகும் வண்டி அனுப்பும் படங்களை இணையத்தில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். துண்டு துண்டாக வரும் அவற்றை, கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே அகலப் படமாக்குவாள். இதே கிறுக்குப் பிடித்தவர்கள் பல நாடுகளிலிருந்து கூடும் ஒரு குழுவில் போடுவாள். வருஷக்கணக்காகப் போட்டாள்.

அந்தக் குழு பெங்களூரில் நடத்தும் கண்காட்சிக்கு அவள் படம் ஒன்று தேர்வானது. சுவரளவு அச்சு, கீழே அவள் பெயர். அரியூரில் அவள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. புருஷன் ராஜேஷ்கூட, "பரவால்லியே, செவ்வாயில எடம் புடிச்சிட்ட" என்று கேலி பண்ணிக்கொண்டே டிக்கெட் போட்டான்.

சனியன் அந்தப் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஒரு மூலைக்குரிய துண்டு வந்து சேராமல், அங்கே வெறும் கறுப்பு. ஸ்டுடியோக் கை சும்மா இருக்குமா? பக்கத்து மண்ணை எடுத்து ஒட்டினாள். மண்ணோடு ஒரு கல்லும் வந்தது. நிழல்கூடப் பிசகவில்லை. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரே கல் இரண்டு இடத்தில் கிடப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். குழுவிலிருந்து மரியாதையாகத்தான் எழுதினார்கள். தெரியாத இடத்தைக் கறுப்பாகவே விட்டிருக்க வேண்டும், இனி உங்கள் மற்ற படங்களில் எது நிஜம் என்று எங்களால் சொல்ல முடியாது, கண்காட்சிப் படத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் நீக்குகிறோம். கெஞ்சி எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை.

"மத்ததுல ஒரு புள்ளிகூட நான் தொடல பாய்."

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பாய்.

அதுதான் அவளைக் கொன்றது. இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு கல்லோடு போயிற்று. இருந்து என்ன என்று இருந்தது அவளுக்கு.

அந்த வாரமே மடுகரையிலிருந்து தனக்கொடி வந்தாள். கையில் மகளின் கல்யாணப் படம். கூடவே, அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போன தன் புருஷனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"நான் நிக்கிறேன் பாரு, பக்கத்துல வெறும் எடம். அங்க அவர வெச்சிடும்மா."

"இல்லாதவர எப்பிடிக்கா..." என்று ஆரம்பித்தாள் உஷாராணி. பாய் நிமிர்ந்து பார்த்தார். அவள் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வேறு யாரோ ஒருவரின் உடம்பை எடுத்து, தலையைப் பொருத்தி, தரையில் நிழலும் விழவைத்தாள். தனக்கொடி பார்த்துவிட்டுத் தேம்பினாள். "அப்பிடியே உசுரோட நிக்கிறாரு. உன் கைய கண்ணுல ஒத்திக்கணும்மா."

உஷாராணிக்கும் கண்ணீர் கொட்டியது. செத்துப்போன தன் புருஷனுக்காகத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்து, தனக்கொடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

உஷாராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கடைப் பெயரைப் போட்டு, படத்தை அச்சுக்கு அனுப்பினாள்.