அப்பா வரைந்த மரங்கள்

ராசா நகரில் எங்கள் அடுத்த வீட்டுக்குச் சாயம் அடிக்கிறார்கள். அந்த வாடையும், அதற்கடியில் மண்ணெண்ணெய் போல ஏதோ ஒன்றும் சன்னல் வழியே வந்து, உட்கார்ந்திருந்தவளை எழுப்பிவிட்டன. அறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். நடக்க நடக்க, பகா ஊருக்கு உள்ளே ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீடு எதிரே வருகிறது. சனிக்கிழமை. தொலைக்காட்சி. தரையில் ஒரு பலகை. அதன் முன்னே சம்மணமிட்ட அப்பா.

அப்பா பால்மரம் சீவுகிறவர். செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்துபோனது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. தேத்தண்ணிக் குவளைகூட நழுவியது. பட்டை சீவும் உளியைப் பிடிக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடும் இல்லை. இதை அம்மா அடுப்பிடம் முறையிடுவதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கும் கேட்கும். ஆனால் அதைவிடப் பெரிய சேதி எனக்கு, அப்பா என்னோடு படம் வரைய உட்கார்ந்ததுதான்.

மலாய்க்கார ஓவியர் ஒருவர் வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரையச் சொல்லிக் கொடுப்பார். அப்பாவுக்கு அவர் வாத்தியார். மெல்ல மெல்ல என்பதை மலாயில் 'பெலான் பெலான்' என்று தாலாட்டுபோலச் சொல்லிக்கொண்டே தூரிகையை இழுப்பார். கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தில் நாங்களும் இழுப்போம். நான் வானம், மலை, ஆறு எல்லாம் போட்டேன். அப்பா மரம் மட்டும் போட்டார். பலகை முழுக்க அடிமரங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சாய்வாக ஒரு கோடு. கோடு கோணினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் போடுவார்.

மாமா வந்தால் சும்மா போகமாட்டார். "என்னா மச்சான், காட்டுலதான் மரம்னா வீட்டுக்குள்ளயும் மரமா? ஒரு கடலு போடுங்கலா, கண்ணு குளிரட்டும்."

"கடல்ல என்னா வேலை இருக்கு," என்பார் அப்பா, தலை நிமிராமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "வாத்தியாரு அந்தக் கோடெல்லாம் போடலப்பா. நீங்க தப்பா போடுறீங்க."

"வாத்தியாரு மரத்துக்கு வேணாம் பாப்பா. நம்ம மரத்துக்கு வேணும்."

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவை ஒரு ரப்பர் மரத்தடிக்கு அழைத்துப் போனார், கை தேறிவிட்டதா என்று பார்க்க. நானும் ஒட்டிக்கொண்டேன்.

"மரத்துல காயம் பட்டுச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுலா," என்றார் மண்டோர், தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பா உளியைப் பட்டையில் வைத்தார். எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"பெலான் பெலான்ப்பா," என்றேன்.

மண்டோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. உளி சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. மெல்லிய சுருளாகப் பட்டை உதிர்ந்தது, உள்மரத்தில் காயம் படவில்லை. வெட்டு வெளுத்து, பால் ஊறி, வழிந்து, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டியது.

"நாளைக்கு வேலைக்குப் பேரு கூப்பிடறப்ப வந்து நில்லுலா," என்றார் மண்டோர்.

அந்தச் சனிக்கிழமை பலகைக்குப் புதிதாக வெள்ளை அடித்து, சாயம் குழைத்து, தொலைக்காட்சியைத் திறந்து காத்திருந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, பாயில் சாய்ந்துவிட்டார்.

"அப்பா, வாத்தியாரு வந்துட்டாரு."

"நீ வரை பாப்பா. எனக்குக் கை சரியாயிருச்சு."

கை சரியானால்தானே படம் நன்றாக வரும்? எனக்கு விளங்கவே இல்லை. கோபத்தில் நானும் வரையவில்லை. வாத்தியார் மட்டும் தனியாக ஒரு படகை வரைந்து முடித்து, அடுத்த வாரம் பார்ப்போம் என்று கையசைத்தார். அவரிடம் யாராவது சொல்ல வேண்டாமா? பெட்டியின் அருகே போய், அப்பாவின் தூக்கம் கலையாதபடி சொன்னேன்:

"அப்பா இனிமே வரமாட்டாங்க வாத்தியாரே. அவங்களுக்குக் கை சரியாயிருச்சாம்."