மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்ற மெஷின்

ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரானிக் பிரிவை மூடிய வருஷம் நான் ஒரு மாதிரி மரத்துப்போயிருந்தேன். வருத்தமா என்று கேட்டால் அதுவும் இல்லை. வருத்தப்பட வேண்டும் என்பதை அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுத் தாடிக்கொம்பில் பஸ் ஏறுவேன், திண்டுக்கல்லில் இறங்குவேன், அக்கா வீட்டுக்காரரின் வீடியோ கேம் கடையில் போய் உட்காருவேன். மில்லுக்குப் போன பழக்கத்தில் உடம்பு தானாகக் கிளம்பியது. மனசு வீட்டில் இருந்ததா, கூட வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

கடையும் என்னைப் போலத்தான் இருந்தது. தெருவில் பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டன. பையன்கள் அங்கே போய் இமெயில் ஐடி திறந்து, பக்கத்து நாற்காலிக்காரனுக்கே மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மச்சானிடம் மிஞ்சியிருந்தது நாலைந்து வீடியோ கேம் பெட்டிகளும் ஒரு பின்பால் மெஷினும். சாய்ந்த கண்ணாடி மேஜைக்குள் இரும்புக் குண்டு ஓடும், இரண்டு பக்கமும் பொத்தானை அமுக்கினால் துடுப்பு மாதிரி ஒன்று அதைத் தட்டிவிடும். ஊரில் அதற்குப் பெயர் குண்டு மெஷின். அமெரிக்கச் சரக்கு, சென்னையில் யாரிடமோ செகண்ட் ஹாண்டில் வாங்கியது.

அதைக் கொடைக்கானல் ஹோட்டல்காரர் ஒருவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், ஓடினால் அன்றே வண்டியில் ஏற்றிக்கொள்வார். மச்சான் அந்தப் பணத்தை வைத்துக் கடையைப் பிரவுசிங் சென்டராக்கிவிடுவார். ஓடாவிட்டால் மாசக் கடைசியோடு கடையைப் பூட்டிவிட்டு ஒட்டன்சத்திரத்தில் அவர் அண்ணனின் வெங்காய மண்டிக்குப் போக வேண்டும். அந்த ஆனியில் அவர்கள் அப்பா தவறியதிலிருந்து அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கெட்டவரில்ல மாப்ள" என்பார் மச்சான். "ஆனா அவரு முன்னாடி நான் இன்னும் அரை டவுசர்தான். மண்டியில எல்லார் எதிர்க்கயும், 'ஏப்பா, டீ சொல்லிட்டு வா'ம்பாரு. எனக்கு நாப்பது ஆவப்போகுது."

மெஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. பாதி ஆட்டத்தில் திடீரென்று உறைந்து நின்றுவிடும். விற்ற சென்னைக்காரரிடம் கேட்டதில், அது பழைய புரோகிராம், புதுசு வந்துவிட்டது, சிப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று கூரியரில் அனுப்பிவைத்தார். மரவட்டை மாதிரி இருபக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப். எலக்ட்ரானிக் பிரிவில் இருந்தவன் என்பதால் மாற்றும் கௌரவம் எனக்கு வந்தது. அந்தப் பிரிவை ஏன் மூடினார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் விளக்கெல்லாம் எரிந்தது, பாட்டு வந்தது. பிறகு திரையில் எழுத்து ஓடியது: காயின் டோர் ஓப்பன். டோக்கன் போடும் முன்பக்க இரும்புக் கதவைத்தான் சொல்கிறது. அது பூட்டியிருந்தது. சாவி மச்சானின் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

"பூட்டுன கதவைத் தெறந்திருக்குங்குது. நான் சும்மா இருக்கும்போது உங்கக்கா 'ஏன் கத்துறீக'ம்பாளே, அந்த மாதிரி" என்றார் மச்சான்.

பழைய சிப்பை மறுபடி போட்டால் மெஷின் கதவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஆடியது. புதுசைப் போட்டால் கதவு திறந்திருக்கிறது. சென்னைக்காரருக்குப் போன் போட்டோம்.

"கதவை நல்லாச் சாத்துங்க சார்."

"நல்லாத்தான் சாத்தியிருக்கு."

"இன்னும் நல்லாச் சாத்துங்க சார்."

சாத்தினோம். மச்சான் இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். கதவு இடுக்கில் அட்டை மடித்துச் சொருகினேன். சிப்பைப் பிடுங்கி, காலை நிமிர்த்தி, ஊதி, மறுபடி வைத்தேன். மில்லில் பெரிய எஞ்சினியர்களே அப்படி ஊதி நான் பார்த்திருக்கிறேன். மெஷின் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கதவு மூடியிருப்பது எங்களுக்குத் தெரியும், மெஷினுக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் இருப்பது போன்ற பொத்தான். கதவு திறந்தால் கரண்டை நிறுத்துவது அதன் வேலை, அது ஒழுங்காக வேலை பார்த்தது. இன்னொன்று, ஒல்லியான இரண்டு செப்புத் தகடுகள். கதவு மூடினால் ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்டால் மெஷினுக்குச் சேதி போகும். பழைய புரோகிராம் அந்தச் சேதியைக் கேட்பதில்லை. புதுசு கேட்கிறது.

தொட வேண்டிய தகட்டு நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. ஏதோ பசை, அமெரிக்காக்காரன் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டான் என்று மரியாதையாக விட்டுவிட்டு, வயரையெல்லாம் செத்த நேரம் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பசையை நகத்தால் சுரண்டினேன். நடுவில் சிவப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன்.

அமெரிக்காக்காரன் எதை வேண்டுமானாலும் வைப்பான், குங்குமம் வைக்க மாட்டான்.

"மச்சான், இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆயுத பூசைக்கு."

"உங்களுக்கு இந்த வருசம் பூசை கெடையாதே."

"அதான் உள்ள வச்சேன்."

அப்பா தவறியதால் அந்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை கிடையாது. வருஷம் திரும்பாமல் எதுவும் ஆகாது என்பதில் அண்ணன் கண்டிப்பு, அக்கா அதைவிடக் கண்டிப்பு. ஆனால் ஆயுத பூஜை அன்று தெருவில் எல்லாக் கடையிலும் சந்தன வாசம், லாரிக்கெல்லாம் மாலை. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. பொட்டில்லாமல் விட்டால் இருக்கிற யாவாரமும் போய்விடும் என்று பயம். வெளியே வைத்தால் அக்கா பார்ப்பாள், பார்த்தால் சேதி ஒட்டன்சத்திரம் வரை போகும். கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே எல்லாம் வயராக இருந்ததில் பளபளவென்று தெரிந்தது இந்தத் தகடு. சாமி வாசம் பண்ண இதுதான் தோது என்று சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்து, பூட்டிவிட்டார்.

"தாராளமா வச்சிருக்கீக."

"வருசத்துக்கு ஒருக்காத்தானே மாப்ள."

மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிவந்து பழைய பல் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். பிரஷைப் பார்த்தாள், துணியில் இருந்த மஞ்சளையும் சிவப்பையும் பார்த்தாள், மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். மச்சான் திடீரென்று வேறொரு கேம் பெட்டியின் பின்பக்கத்தை ஆராய ஆரம்பித்தார்.

"தீவாளிக்கு நான் ரெண்டு பணியாரம் சுட்டேன்" என்றாள் அக்கா. "அப்பா செத்த வீட்டுல எண்ணெச்சட்டி வைக்கலாமான்னு கேட்டது யாரு?"

மச்சான் பெட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இவனுக்குத் தெரியுமா?"

"எனக்கு இப்பத்தான்க்கா தெரியும்."

"ஒனக்கு எதுதான் நேரத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்று தூக்கை மேஜையில் வைத்தாள். "புளிக்கொழம்பு. வெஞ்சனம் கத்திரிக்கா. ஆறதுக்குள்ள தின்னுங்க."

கதவை மூடி சுவிட்சைப் போட்டேன். எழுத்து வரவில்லை. குண்டு ஓடியது. மச்சான் ஒரு முழு ஆட்டம் ஆடினார், உறையவில்லை. நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புளிக்குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்காரர் வந்தார். குண்டை இரண்டு தரம் கோட்டை விட்டார், மூன்றாம் தரம் சிரித்தார், ஆட்களைக் கூப்பிட்டார். மெஷினின் காலைக் கழற்றி, கம்பளி சுற்றி, வேனில் ஏற்றி, வத்தலக்குண்டு ரோட்டில் கொண்டுபோய்விட்டார்கள். அன்று அக்காவும் மச்சானோடு கடைக்கு வந்திருந்தாள். மெஷின் நின்ற இடத்தில் சேர்ந்திருந்த குப்பையைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். பொட்டைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஒட்டன்சத்திரத்துக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை மச்சான் அதிகம் கவனித்தார் என்று நினைக்கிறேன். அக்கா நகரச் சொல்வதற்கு முன்பே நகர்ந்தார்.

பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, நான்தானுங்க. ஆமாங்க, வித்தாச்சுங்க. இல்லீங்கணா, மண்டிக்கு வரலீங்க." அந்தப் பக்கம் அண்ணன் நீளமாகப் பேசினார். மச்சான் தலையை ஆட்டியபடி கேட்டார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதையே மறந்து. "அதுக்கில்லீங்க. கடையில வேல நெறைய இருக்குதுங்க."

கடையில் அப்போது ஒரு துடைப்பம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மச்சான் போனை வைத்துவிட்டு, அக்கா பெருக்குவதற்கு வசதியாக, என் நாற்காலியோடு சேர்த்து என்னையும் ஓரமாகத் தள்ளிவைத்தார்.